எல்லாம் எடுத்தாச்சு

நான் நன்றாகக் கண் விழித்தபோது கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சந்தேகம் தட்டியது அப்போதுதான்.

எங்கள் குடும்பத்தில் சும்மா சிரிக்கிற வழக்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடச் சிரிக்கவில்லை. அப்படிப்பட்டவர் கால்மாட்டில் நின்று பல் தெரியச் சிரித்தபடி, "எல்லாம் எடுத்தாச்சு, கேட்டியா? இனி பேடிக்க ஒண்ணும் இல்ல" என்றார். அவருடைய தங்கச்சி, என் நாத்தனார், அவரைவிட அகலமாகச் சிரித்து, "ஆமா மைனி, எல்லாம் எடுத்தாச்சு" என்றாள். இரண்டு பேர் வாயிலும் ஒரே வார்த்தை. யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்ததுபோல இருந்தது.

எடுக்க வேண்டியிருந்தது என் தலைக்குள் வளர்ந்த ஒரு கட்டி.

நான் கருங்கல் பக்கம் வீட்டு முன் அறையில் ஜாக்கெட் தைக்கிறவள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. அளவு எடுக்கும்போதுகூட வந்தவர்கள்தான் பேசுவார்கள். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சு முடிந்து திரும்பும்போது பின்னால் வந்த பக்கத்து வீட்டுக்காரி, "ஏட்டி, உனக்க செருப்பு அங்க நடுரோட்டில கிடக்கு" என்று கூப்பிட்டாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. கழன்றது எனக்குத் தெரியவே இல்லை.

அதற்குப் பிறகு மிஷின் மிதிக்கும்போது இடது கால் பின்தங்க ஆரம்பித்தது. வலது கால் போன வேகத்துக்கு அது வராது. சக்கரம் பின்னோக்கிச் சுழன்று நூல் அறுந்துவிடும். நரம்புக்கு மாத்திரை தின்றேன், தைலம் தேய்த்தேன். ஒருநாள் அந்தக் கால் தானாக வெட்டி வெட்டி இழுத்தது. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய நோய் என்றால் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் போகிற மாதிரி நாங்களும் திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினோம்.

அங்கே டாக்டர் என்னிடம் நேராகத்தான் பேசினார். "புற்று இல்ல சேச்சி. மூளைக்கு மேல ஒரு உறை உண்டு, அதில இருந்து வளர்ந்த கட்டி. எடுத்தால் கால் சரியாகும்" என்றார். காலையில் உள்ளே கொண்டுபோனால் மத்தியானத்துக்குள் வெளியே வந்துவிடலாம் என்றும் சொன்னார். கட்டி போய்விட்டதா, என் கால் மறுபடி மிதிக்குமா, இந்த இரண்டும்தான் கண் விழித்ததும் நான் கேட்கவேண்டிய கேள்விகள். முதல் கேள்விக்கு நான் கேட்காமலே எல்லோரும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதுக்கு என் கால் பதில் சொன்னது. ஆபரேஷனுக்கு முன் கொஞ்சம் பின்தங்கிய கால், இப்போது போர்வைக்குள் யாரோ கொண்டுவந்து வைத்த கட்டைபோலக் கிடந்தது.

"நீர் கட்டியிருக்கு. வத்தினா சரியாவும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"டாக்டர் சொன்னாரா?"

"சொல்லாம பின்ன, நானா சொல்லுவேன்?"

அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் தொண்டை கட்டியிருந்தது. முகம் வீங்கியிருந்தது கண்ணாடி பார்க்காமல் தொட்டாலே தெரிந்தது. நாத்தனார் ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது, "அன்னைக்கு இருட்டுன பொறவுதான் உங்கள வெளிய கொண்டு வந்தானுவ, எனக்க ஈரக்கொல நடுங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"மத்தியானமே முடிஞ்சுன்னு உனக்க அண்ணன் சொன்னாவளே?"

"முடிஞ்சு மைனி. பொறவு... அங்க வச்சிருந்தாவ. சும்மா." ஸ்பூனை என் வாய்க்குள் திணித்தாள். கஞ்சி இருக்கிற வாய் கேள்வி கேட்காது என்று நினைத்திருப்பாள்.

அங்குள்ள நர்ஸுகளுக்கு நாங்கள் பாண்டிக்காரர்கள். தமிழ்நாடு என்று எழுதியிருந்தால் மலையாளம் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் பிறந்ததிலிருந்தே இரண்டையும் கேட்டு வளர்கிறோம். ஒருநாள் படுக்கை மாற்ற வந்த இரண்டு பேரில் ஒருத்தி மற்றவளிடம், "இதல்லே அன்னு பிளீடிங் ஆய சேச்சி?" என்று கேட்டாள். அன்றைக்கு ரத்தம் பெருகியது இந்த அக்காவுக்குத்தானே என்கிறாள். மற்றவள் என் முகத்தைப் பார்த்து, "மிண்டாதே" என்றாள். பேசாதே என்று அதற்கு அர்த்தம். நான் ஒன்றும் புரியாதவளைப்போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமும் சரியில்லை, நம்பிக்கையும் சரியில்லை. டாக்டர் வெட்டக்கூடாத எதையோ வெட்டிவிட்டார் என்று முடிவு செய்தேன். அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எதற்காக? டாக்டர் வார்டுக்கு வந்தால் இவர் எழுந்து அவர் பின்னாலேயே வராந்தாவுக்குப் போவார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் டாக்டர் ஏதோ சொல்லுவார், இவர் கையைக் கூப்பியபடி தலையை ஆட்டுவார். உள்ளே வந்ததும் அந்தச் சிரிப்பு. கேட்டுவிடலாம் என்று தோன்றும். டாக்டர் பக்கத்தில் வந்து, "எந்தா சேச்சி, சுகம்தானா?" என்று கேட்டால் நான் "சுகம்" என்று சொல்லிவிட்டு என் விரல் நகத்தைப் பார்ப்பேன். நான் வளர்ந்தது அப்படி.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வந்தவர்களும் ஒரு மாதிரியாகத்தான் நடந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் இன்னின்ன நோயில் இன்னார் செத்துப்போன கதையைச் சொல்லாமல் எழுந்துபோக மாட்டார்கள். என்னிடம் ஒருவரும் அப்படி ஒரு கதை சொல்லவில்லை. ஆப்பிளை வைத்துவிட்டு மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். முற்றத்தில் செருப்புப் போடும்போது மட்டும் அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். எதிர் வீட்டுக் கிழவர் கதவைத் தாண்டும் முன்பே, "அவளுக்குத் தெரியுமாடே?" என்று கேட்டதும், யாரோ அவரை இழுத்துக்கொண்டு போனதும் என் காதில் விழுந்தது.

தையல் பிரித்துவிட்டு வந்த அன்று ஜங்ஷனில் இருந்து வீடு வரைக்கும் ஆட்டோவில் வந்தோம். ஓட்டியவன் எங்கள் சபையில் வாலிபர் சங்கத்தில் இருப்பவன். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் உண்டு. வாய் கொஞ்சம் கூடுதல். நான் வாக்கரைப் பிடித்து இறங்கும்போது, "அக்கா, பார்த்து இறங்குங்க. உள்ள ஓடுறது எனக்க ரத்தமாக்கும். இனி நீங்களும் என்ன மாதிரி வாயாடி ஆயிருவிய, பாருங்க" என்றான்.

"நீயும் குடுத்தியா மக்கா?"

"நான் மட்டுமா? ஒரு வேன் நிறைய அடிச்சுப் பிடிச்சு வந்தோம். சர்ச்சில மைக்கைப் போட்டு..."

"லேய், வண்டிய எடு" என்றார் என் வீட்டுக்காரர். அவன் உடனே வண்டியை எடுத்தான். வாடகைகூட வாங்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்பு ரத்தம் கொடுக்க இவருடைய கூட்டாளிகள் இரண்டு பேர் வந்திருந்ததை நான் அறிவேன். அவசரத்துக்கு ஒரு வேன் எதற்கு? வேலை நாளில் சர்ச்சு மைக் எதற்கு? எங்கள் ஊரில் சாவுக்கும் காணாமல் போன பிள்ளைக்கும்தான் வேலை நாளில் மைக் பேசும். அன்றைக்கு ஊர் முழுவதும் கேட்ட ஒரு செய்தி, யாரைப் பற்றிய செய்தியோ அவளுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. அவர் எல்லோரையும் பார்த்துச் சொல்லி வைத்திருக்கிறார். ஊரே எனக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு நடிக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு ரகசியத்தை இவ்வளவு நாள் காத்தார்கள் என்றால், அந்த ரகசியம் எவ்வளவு மோசமானதாக இருக்கும்!

உண்மை வெளியே வந்தது எங்கள் வீட்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பிழைத்து வந்தால் வீட்டில் கூட்டம் வைத்து ஆண்டவருக்கு நன்றி சொல்வது எங்கள் வழக்கம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முன் அறையில் தையல் மிஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தார்கள். பெண்கள் சங்கத்திலிருந்து வந்திருந்தார்கள். ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் கடுங்காப்பியும் அடுக்களையில் தயாராக இருந்தன. இரண்டு பாட்டு முடிந்ததும் ஜெபம் பண்ண டீச்சரை எழுப்பினார்கள். ரிட்டயர் ஆன டீச்சர், சங்கத்தின் தலைவி. அவர் ஜெபம் நீளமானது, ஒழுங்கானது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியதுபோல நடந்ததை நடந்த வரிசையில் ஆண்டவருக்கு எடுத்துச் சொல்லுவார். அந்த வீட்டில் கடன் இருந்தால் கடன், சண்டை இருந்தால் சண்டை. மனுஷரிடம் மறைக்கலாம், ஆண்டவரிடம் எப்படி மறைப்பது?

எல்லோரும் கண்ணை மூடினோம்.

"கிருபையுள்ள எங்கள் பரம பிதாவே, இந்தச் சகோதரியை எங்களுக்குத் திரும்பத் தந்தீரே, ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்தார். செருப்பு கழன்றதிலிருந்து ஸ்கேன் வரை வந்தார். பிறகு ஆபரேஷன் நாளுக்கு வந்தார். "அந்த மத்தியான வேளையிலே, கர்த்தாவே, யாரும் நினையாத நேரத்தில் தலையின் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து, ரத்தம் ஊற்றாய்ப் பெருகியபோது, டாக்டர் வெளியே வந்து, பிழைப்பது கஷ்டம் என்று சொன்னபோது, எங்கள் வாலிபரை ஏவி, வேனிலே கொண்டு சேர்த்தீரே..."

யாரோ இருமினார்கள். நாத்தனார் நடுவிலேயே, "ஆமென்!" என்று கத்தினாள்.

டீச்சர் நிறுத்தவில்லை. "இன்னும் உம்மை நோக்கிப் பார்க்கிறோம் ஆண்டவரே. மேற்கொண்டு எடுக்கத் துணியாமல், பாதிக் கட்டியை உள்ளே வைத்தபடியே தலையை மூடி அனுப்பியிருக்கிறார்கள். அந்த மீதிப் பாதியையும்..."

"ஆமென், ஆமென்!" என்றாள் நாத்தனார்.

நான் கண்ணைத் திறந்தேன். அந்த அறையில் எல்லோருடைய கண்ணும் மூடியிருந்தது. எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் விழித்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஜெபம் முடிந்ததும் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். தாம் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. உப்பேரி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே எல்லோரும் எழுந்துபோனார்கள்.

அடுக்களையில் என் வீட்டுக்காரர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அதுவும் வழக்கமில்லாத காரியம்தான். நான் வாக்கரோடு வாசலை அடைத்து நின்றேன்.

"பாதி உள்ள கிடக்கா?"

அவர் திரும்பவில்லை. "டீச்சருக்கு என்ன தெரியும்? அவ்வ கணக்கு டீச்சரு, பாதி முக்காலுன்னு சொல்லுவாவ."

"நான் கேட்டது டீச்சர இல்ல."

டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, கையைத் துடைத்துவிட்டு, அப்புறம் பேசினார். அவர் வளைகுடாவில் பல வருஷம் பைப் வேலை பார்த்தவர். ஊருக்கு வந்த பிறகும் அதே வேலைதான். அவருக்குத் தெரிந்த விதத்தில்தான் சொன்னார். "கட்டி மெயின் லைன்ல ஒட்டிக் கிடந்துருக்கு பிள்ள. பிரிக்கப் போன இடத்தில லைன் கிழிஞ்சிற்று. நாங்க வேலை செய்யும்போ வால்வ அடைச்சிட்டுத்தான் ஓட்டைய அடைப்போம். இது வால்வ அடைக்க முடியாத லைன். அடைச்சா ஆளு போயிரும். ஒழுக ஒழுகவே அடைச்சாரு அந்த மனுஷன். நின்ன உடனே, இதுக்கு மேல தொட மாட்டேன்னு மூடிட்டாரு."

"அப்போ எல்லாம் எடுத்தாச்சுன்னு சொன்னது?"

"நீ பேடிச்சுப் போவியேன்னு."

"மீதிய எப்ப எடுக்கணும்?"

அவர் மறுபடி ஒரு டம்ளரை எடுத்தார். அது ஏற்கெனவே கழுவிய டம்ளர்.

"கேட்டது காதில விழல்லியா?"

"அடுத்த மாசம். செக்கப்புன்னு கூட்டிட்டுப் போயி, அங்க வச்சு சொல்லலாம்னு இருந்தேன்."

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க எரிந்தது. என் தலையை இரண்டாம் தடவை திறக்கப்போவதை ஊரில் மைக் வைத்திருப்பவர் முதல் ஆட்டோ ஓட்டுகிறவன் வரை அறிந்திருக்க, நான் செக்கப்புக்குப் போகப் புதுச் சேலை எடுத்து வைத்திருந்தேன்.

அவர் சொன்னதையும் நான் முழுசாக நம்பவில்லை. டாக்டரைக் காப்பாற்றுவதற்காக அந்த மெயின் லைன் கதையைக் கட்டியிருக்கலாம். கை தவறி வெட்டியவரே அதைப் பைப் பாஷையில் இவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். நாத்தனாருக்கும் அதே எண்ணம்தான். "அவனுவ வல்லதும் தப்பாச் செய்திருப்பானுவ மைனி. இனி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதிங்க. வேற ஆஸ்பத்திரி பாப்போம், இல்லேன்னா வேண்டவே வேண்டாம்" என்றாள். வேண்டாம் என்று இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குப் புரிந்துதான் இருந்தது. கட்டி வளரும். கால் போகும், வலிப்பு வரும், பிறகு மற்றது. மறுபடி அதே கையில் தலையைக் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் இவர்கள் யாரிடமும் இல்லை.

"நான் டாக்டர்கிட்ட பேசணும். நீங்க வெளியே நிக்கணும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா பேசப்போற?" என்றார்.

பேசினேன். டாக்டர் அறையில் அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனபிறகு, மேஜை விளிம்பைப் பார்த்தபடியே, "நீங்க வெட்டக்கூடாத இடத்தில வெட்டினீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு காது இரண்டும் சூடாகிவிட்டது.

டாக்டருக்குக் கோபம் வரவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகச் சொன்னார். என் வகிட்டைக் காட்டி, "இது வழியாத்தான் அந்தக் குழாய் போகுது. நெற்றியில இருந்து பின்னால வரை, வகிடு எடுத்த மாதிரி. கட்டி அதுக்குப் பக்கத்தில இருக்குன்னு ஸ்கேன்ல எனக்குத் தெரியும். பிரிச்சு எடுத்திடலாம்னு நினைச்சேன். ஆனால் நினைச்சதை விட ரொம்ப ஒட்டியிருந்தது. பிரிக்கும்போது கிழிஞ்சது. அவ்வளவு ரத்தம் வரும்னு நான் எதிர்பார்க்கல சேச்சி" என்றார்.

"நான் எதிர்பார்க்கல." இத்தனை நாளில் ஒருவர் சிரிக்காமலும் மழுப்பாமலும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"எனக்கு ஏன் சொல்லல?"

அவர் கதவைப் பார்த்தார். "சொல்லணும்னு நான் ரெண்டு மூணு தடவை பறஞ்சு. உங்க ஆளு கையைக் கூப்பி, நானே சொல்றேன், நானே சொல்றேன்னார். நான் விட்டிருக்கக் கூடாது."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் என் வீட்டுக்காரர் தலையாட்டியது எதற்கு என்று அப்போது தெரிந்தது.

"அடுத்த தடவையும் ரத்தம் வருமா?"

"வரலாம்" என்றார். வராது என்று சொல்லியிருந்தால் நான் எழுந்து வந்திருப்பேன். குழாயோடு ஒட்டியிருக்கிற துண்டைத் தொடாமல் விட்டுவிட்டு மற்றதை எடுப்பதாகவும், அந்தத் துண்டுக்குப் பிறகு கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். கால் முழுசாக வருமா என்றேன். "அதுக்கு உறுதி தர முடியாது" என்றார். அந்தப் பதிலையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது குழித்துறைப் பாலம் தாண்டியதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நான் சம்மதிச்சாச்சு. ஆனா ஒண்ணு. இந்தத் தடவை என்ன நடந்தாலும் முதல்ல எனக்கிட்ட சொல்லணும். பொறவுதான் சர்ச்சு, டீச்சர், ஆட்டோக்காரன் எல்லாம். சிரிச்சுட்டுச் சொல்லக் கூடாது."

"செரி."

"சத்தியமா?"

"செரின்னு சொன்னேன் இல்லியா."

அந்த "செரி"யையும் நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் வந்த கடைசி ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கையைப் பிடித்து, "என்னன்னு ஜெபிக்கணும் பிள்ள?" என்று கேட்டபோது பாதிக் கட்டி, குழாய், ரத்தம், கால் எல்லாவற்றையும் நானே சொன்னேன். பெண்கள் சங்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. வெட்கத்தில் முகம் எரிந்தாலும் சொல்லி முடித்தேன். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அது என்னுடையதாக இருந்தது.

இரண்டாவது ஆபரேஷன் முடிந்து நான் கண் திறந்தபோது தொண்டையில் குழாய் போட்டு எடுத்த புண் எரிந்தது. வெளிச்சத்தில் யார் முகமும் தெளியவில்லை. ஒரு முகம் மட்டும் கிட்டத்தில் குனிந்தது. அது சிரிக்கவில்லை.

"கேளு" என்றார் அவர். "ரத்தம் வந்துது. போன தடவை அளவு இல்ல. நின்னுட்டு. ஒட்டினது ஒரு சின்னத் துண்டு உள்ள கிடக்கு, தொடல்ல. காலுக்கு இப்பம் ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. உனக்க முடிய முழுசும் வழிச்சிட்டானுவ. பார்க்கக் கொள்ளாது."

எனக்குக் குரல் வரவில்லை. உதட்டை அசைத்தேன். அவர் காதைக் கொண்டுவந்தார்.

"வேற?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "வேற... உன்ன உள்ள கொண்டுபோன பொறவு நான் கீழ போயி புரோட்டா தின்னேன். விசப்பு தாங்கல்ல."

நான் அவரை நம்பினேன்.